பெரிய அச்சுத் துணியில் குயில்ட் போர்வை: எதை வெட்டலாம், எதை வெட்டாமல் விடலாம்

ஒரு அடி விரிந்த தாமரை, முழங்கை நீளத்துக்கு மயில், கிளையோடு ஓடும் மாங்காய்க் கொடி. இப்படிப் பெரிய அச்சுப் போட்ட பருத்தித் துணியைக் கடையில் விரித்துக் காட்டும்போது விடவே மனம் வராது. வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு இன்ச் சதுரமாக வெட்டித் தைத்தால் மயிலைக் காணோம். ஒரு சதுரத்தில் வெறும் பச்சை, அடுத்ததில் அரை இறகு, அதற்கடுத்ததில் தரை நிறம் மட்டும். தையலில் ஒரு குறையும் இருக்காது, போர்வை மட்டும் கலங்கிப் போயிருக்கும். குயில்ட் என்பது மேல்துணி, உள்ளடுக்கு, பின்துணி மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தைக்கும் போர்வை. அதன் டிசைன்களில் பல பொடி அச்சையும் வெற்றுத் துணியையும் நினைத்துப் போட்டவை. பெரிய அச்சுக்கு முறையே வேறு.

அந்த முறைகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒற்றைக் கட்டில் போர்வை அளவான 60க்கு 90 இன்ச்தான் கணக்கு. தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை, நாகை, திருவாரூர்ப் பக்கம் மார்கழி, தைப் பனிக்குப் போர்த்தவும் மற்ற மாதங்களில் கட்டில்மேல் விரிக்கவும் ஆகிற போர்வை இது. மலை ஊர் ரஜாய் போல இங்கே கனம் வேண்டியதில்லை.

வாங்கும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

முதலில் ரிப்பீட். அச்சில் ஒரு புள்ளியை, மயிலின் கண்ணையோ காம்பு முறியும் இடத்தையோ, குறித்துக்கொண்டு கரையோரமாகவே போங்கள். அதே புள்ளி மறுபடி வரும் இடம்வரை டேப்பால் அளந்தால் ஒரு ரிப்பீட் கிடைக்கும். ரோட்டரி ஸ்கிரீன் மெஷினில் அச்சடித்த துணியில் உருளையின் சுற்றளவு வழக்கமாக 64 செ.மீ. அதனால் ரிப்பீட் 64 ஆக இருக்கும், அல்லது 32, 16 என்று அதைச் சமமாக வகுத்ததாக இருக்கும். கைக்கட்டை அச்சில் இந்தக் கணக்கு செல்லாது. கட்டையைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நூலளவாவது தள்ளும், மையின் அழுத்தமும் மாறும்.

இரண்டாவது, ஜன்னல் சோதனை. பழைய தினசரித் தாளில் 9½ இன்ச் சதுர ஓட்டை வெட்டி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதைத் துணிமேல் கண்போன இடத்தில் பத்து தடவை வைத்துப் பாருங்கள். ஏழெட்டு தடவையாவது ஓட்டைக்குள் இது பூ, இது இலை என்று தெரிய வேண்டும். தெரிந்தால் அந்தத் துணி சதுரத்துக்கு ஆகும். பாதி தடவை தரை நிறம் மட்டும் தெரிந்தால் சதுரம் வேண்டாம், வேறு முறைக்குப் போய்விடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது, சாயம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, அடர் சிவப்பு, நீலம், கறுப்பு உள்ள இடத்தில் அழுத்தித் தேயுங்கள். பின்பக்கமும் புரட்டிப் பாருங்கள். ரியாக்டிவ் சாயம் நூலுக்குள் இறங்குவதால் பின்பக்கமும் நிறம் நன்றாகத் தெரியும், துணியும் மெத்தென்றிருக்கும். பிக்மென்ட் அச்சு மேலே ஒட்டி நிற்பது. விறைப்பாக இருக்கும், கைத்தையல் ஊசி இறங்க மறுக்கும், உரசும் இடத்தில் நாளடைவில் வெளிறும். உப்பிலும் வினிகரிலும் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். அச்சடித்து முடித்துக் கடைக்கு வந்துவிட்ட துணியில் அது பலிக்காது. தண்ணீர் தெளியும்வரை அலசுவது ஒன்றுதான் வழி. நாலைந்து அலசலுக்குப் பிறகும் தண்ணீர் கலங்கினால், வெள்ளைத் துணியோடு அதைச் சேர்த்துத் தைக்காதீர்கள்.

பன்னா, அதாவது துணியின் அகலம், 44 இன்ச் என்பது வாங்கும்போது உள்ள அளவு. பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும். கரை இரண்டையும் கழித்தால் கைக்கு வருவது 41 இன்ச்தான். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 41-ஐ வைத்துப் போட்டவை.

வெட்டாமல் முழுத் துணி

அச்சுக்குக் கொஞ்சமும் சேதமில்லாத முறை இது. ஒற்றைக் கட்டில் பெட்ஷீட்டே 60க்கு 90 அளவில் வருகிறது. பெரிய அச்சுள்ள பருத்தி பெட்ஷீட் ஒன்றை மேல்துணியாகப் போட்டால் மூட்டே கிடையாது. இரண்டு சங்கடம் உண்டு. பெட்ஷீட் நெசவு நெருக்கமானது, கையால் தைத்தால் விரல் நோகும். கோடு போட்டுத் தைத்தபின் போர்வை இரண்டு மூன்று இன்ச் சுருங்கும்.

44 பன்னாத் துணிதான் பிடித்திருக்கிறது என்றால் 2.5 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு, அச்சைப் பொருத்த ஒரு ரிப்பீட், ஆக 5.65 மீட்டர். இரண்டு துண்டையும் நடுவில் மூட்டாதீர்கள், கண் நேரே அந்த மூட்டுக்குத்தான் போகும். ஒரு துண்டை முழுசாக நடுவில் வைத்து, இன்னொன்றிலிருந்து இருபுறமும் தலா 10 இன்ச் பட்டை சேர்ப்பதே முறை. இங்கே பலர் இடறுகிறார்கள். நடுத்துண்டின் வலது ஓரத்தில் அறுந்த கொடியின் தொடர்ச்சி, இரண்டாவது துண்டின் இடது ஓரத்தில்தான் இருக்கும். ஆகவே வலப்பக்கப் பட்டையை இரண்டாவது துண்டின் இடதுபுறத்திலிருந்து வெட்ட வேண்டும், இடப்பக்கப் பட்டையை அதன் வலதுபுறத்திலிருந்து. மாற்றி வெட்டினால் எவ்வளவு நகர்த்தினாலும் கொடி சேராது.

சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கத்துக் கையெழுத்துக் கலம்காரியை, கருப்பூர்க் கலம்காரி என்று 2021இல் புவிசார் குறியீடு பெற்றதே அதை, வெட்டவே வேண்டாம். யாளியும் அன்னமும் கையால் வரைந்த துணியைச் சதுரம் போடுவது அநியாயம். முழுத் துணியாக வைத்து, உருவங்களின் வெளிக்கோட்டை ஒட்டிக் கையால் ஓட்டுத் தையல் போட்டால் போதும். அப்படிப்பட்டதைச் சுவரில் மாட்டுவது நல்லது. வாராவாரம் துவைக்கும் போர்வைக்கு அது சரிப்படாது.

பெரிய சதுரங்கள்

முதல் போர்வை தைப்பவர்கள் நேரே இதற்குத்தான் வருவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கால் இன்ச் தையலுக்குள் போய்விடும், அதனால் 10 இன்ச் சதுரம் என்று எழுதியிருக்கும் டிசைனுக்கு 10½ வெட்ட வேண்டும். நாலு சதுரத்துக்கு 42 இன்ச். நம் கையில் இருப்பது 41. நாலாவது சதுரம் ஒரு இன்ச்சில் தவறிப்போய் ஒவ்வொரு வரியிலும் ஒன்பது இன்ச்சுக்கு மேல் துணி கழிவாகும். அதற்குப் பதில் 10 வெட்டி 9½ ஆகத் தையுங்கள். அகலத்தில் ஆறு, நீளத்தில் ஒன்பது, மொத்தம் 54 சதுரம். சுற்றிலும் 2 இன்ச் பார்டர் வைத்தால் 61க்கு 89½ வந்துவிடும்.

ஐம்பத்துநாலும் பெரிய அச்சாக இருந்தால் கண்ணுக்கு உட்கார இடமிருக்காது. பாதி அச்சு, பாதி வெற்றுத் துணி என்று மாற்றி மாற்றி வையுங்கள். தலா 27 சதுரம், அதாவது ஏழு வரி, 70 இன்ச் நீளம். சுருங்குவதற்கும் சேர்த்துத் தலா 2 மீட்டர் வாங்கினால் போதும். பார்டருக்கும், போர்வையின் ஓரத்தை மடித்து மூடும் ஓரப்பட்டைக்கும் வெற்றுத் துணியில் இன்னொரு மீட்டர். வெற்றுத் துணியின் நிறத்தை அச்சில் பளிச்சென்று தெரியும் நிறத்திலிருந்து எடுக்காதீர்கள். தரை நிறத்திலிருந்தோ, இலை நரம்பு போல ஓரமாக ஒளிந்திருக்கும் அடர் நிறத்திலிருந்தோ எடுத்தால் அச்சு தூக்கித் தெரியும். சந்தேகமிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளையில் படமெடுங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

பூ நடுவில் வரும்படி பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சதுரமாக வெட்டுவது இதிலேயே இன்னொரு வழி. பார்க்க நன்றாக இருக்கும். துணி ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்குவரை தின்னும், மிச்சம் ஓட்டை ஓட்டையாக நிற்கும், எதற்கும் உதவாது. பூவுக்காகச் சாய்த்து வெட்டினால் ஓரம் கிராஸில் போய் இழுபடும். தலையணை உறை, நடுவில் ஒரே பதக்கம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

நெடும் பட்டை

எங்களைக் கேட்டால் பெரிய அச்சுக்கு, அதிலும் 44 பன்னாவில் கிடைக்கும் துணிக்கு, இதுதான். துணியைக் குறுக்கே அறுக்காமல் நீளவாட்டில் மூன்று பட்டையாக வெட்டுகிறோம், ஒவ்வொன்றும் 13½ இன்ச். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவிலும் இரு வெளி ஓரத்திலும் வெற்றுத் துணிப் பட்டை, ஒவ்வொன்றும் 5¾ இன்ச், ஆக நாலு. ஏழு பட்டையும் கால் இன்ச் தையலில் சேர்ந்தால் 60½ இன்ச் அகலம். அச்சுத் துணி 2.5 மீட்டர், வெற்றுத் துணி 2.5 மீட்டர். வெற்றுத் துணியில் மிஞ்சும் 18 இன்ச் அகலத்தில் ஓரப்பட்டை முழுவதும் வந்துவிடும்.

இதில் ரிப்பீட்டைப் பொருத்தும் வேலையே இல்லை. நடுவில் வெற்றுப் பட்டை வந்து பிரிப்பதால், அறுந்த கொடி அடுத்த பட்டையில் தொடர்கிறதா என்று கண் தேடுவதில்லை. கீழிருந்து மேலே கொடி அறுபடாமல் ஓடும், மயில் முழு மயிலாக நிற்கும். கைக்கட்டை அச்சில் வரும் சிறு தள்ளல்களும் மறைந்துவிடும்.

தையற்கடையில் கொடுத்துத் தைப்பதற்கும் இதுவே பாதுகாப்பு. தையற்காரர்களின் கை அரை இன்ச் தையலுக்குப் பழகியது. சதுரத்திலோ அறுகோணத்திலோ கால் இன்ச் அரை இன்ச்சானால் மூலைகள் ஒன்றோடொன்று சேராது, வேலை அத்தனையும் பாழ். நெடும்பட்டையில் அப்படி ஆனால் மொத்த அகலத்தில் மூன்று இன்ச் குறையும், அவ்வளவுதான்.

கெடுவது வேறு இடத்தில். ஏழு பட்டையையும் மேலிருந்து கீழாகவே தைத்துக்கொண்டு போனால், மெஷின் அடித்துணியைச் சற்று அதிகமாக இழுப்பதால் மேல்துணி வில்லாக வளையும். முதல் மூட்டை மேலிருந்து தைத்தால் அடுத்ததைக் கீழிருந்து தையுங்கள். எல்லாப் பட்டையையும் 91 இன்ச்சுக்கு முன்னதாகவே வெட்டிக்கொண்டு, நடுவிலும் கால் கால் தூரத்திலும் குண்டூசி குத்திய பிறகே மெஷினில் வையுங்கள். ஒரு பட்டை நீளமாக இருந்தால் தைத்துவிட்டு மிச்சத்தைக் கத்தரிக்கலாம் என்று விட்டால், அந்த ஓரம் அலையாக நெளியும், இஸ்திரியில் அது போகாது.

அச்சு ஒரே திசையில் நிற்பதா என்று வெட்டுவதற்கு முன்பே பாருங்கள். வெட்டிய ஒவ்வொரு பட்டையின் மேல்முனையிலும் சாக்கால் ஒரு அம்பு போட்டுவிட்டால் நடுப்பட்டையில் யானை தலைகீழாக நிற்காது.

அறுகோணச் சுழல்

பெரிய அச்சை வேண்டுமென்றே சிதறடித்து வேறொரு அழகு எடுக்கும் முறை இது. ஒரே ரிப்பீட்டின் ஆறு பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, புள்ளிக்குப் புள்ளி பொருத்தி அடுக்க வேண்டும். அப்படியே சமபக்க முக்கோணமாக வெட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் ஆறு ஒரேமாதிரி முக்கோணம் வரும். ஆறையும் சேர்த்தால் ஒரு சுழல். அசல் அச்சில் என்ன இருந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

64 செ.மீ. ரிப்பீட்டில் ஆறுக்கு 3.84 மீட்டர், 4 மீட்டராக வாங்கலாம். அடுக்கை 3¾ இன்ச் உயரப் பட்டைகளாக ஆறும், ஒவ்வொன்றிலும் 17 முக்கோணமும் வெட்டினால் 102 அறுகோணம் கிடைக்கும். ஒவ்வொன்றும் தைத்து முடித்தபின் தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் 6 இன்ச். இது 42க்கு 74 அளவிலான நடுப்பகுதிக்குத்தான் காணும், மிச்சம் எட்டு ஒன்பது இன்ச் பார்டர். மூன்று மூன்றாகச் சேர்த்து அரை அறுகோணமாக வைத்துக்கொண்டு, அந்த அரைகளை வரிசை வரிசையாகத் தைத்தால் எல்லாம் நேர்த்தையல். முழு அறுகோணமாக மூடிவிட்டுப் பிறகு ஒன்றோடொன்று சேர்க்கப் போனால் ஒவ்வொரு முனையிலும் திரும்பித் தைக்க வேண்டிவரும்.

கைக்கட்டை அச்சிலும் கலம்காரியிலும் இதை முயலவே வேண்டாம். ஆறு பிரதியும் அச்சு மாறாமல் இருந்தால்தான் சுழல் வரும். ரோட்டரி கட்டர் (உருளும் வட்டக் கத்தி), அதற்கு அடியில் விரிக்கும் மேட், 60 டிகிரிக் கோடுள்ள ஸ்கேல் இல்லாமலும் ஆகாது. கத்தரிக்கோலில் ஆறு அடுக்கை நேராக வெட்ட முடியாது. முக்கோணத்தின் இரண்டு ஓரம் கிராஸில் இருப்பதால் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும்.

உருவத்தை வெட்டி ஒட்டித் தைப்பது

சோழமண்டலக் கரையிலிருந்து சீட்டித் துணி கப்பல் கப்பலாகப் போன காலத்தில் ஐரோப்பாவில் அது விலை கூடிய சரக்கு. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடையே செய்திருந்தது. கிடைத்த துண்டிலிருந்து பூவையும் பறவையையும் மட்டும் வெட்டி வெள்ளைத் துணிமேல் தைத்துப் படுக்கைவிரிப்பாக்கினார்கள். கொஞ்சம் துணியை அகலமாகக் காட்டும் வழி. தேர்த் தொம்பை தைப்பவர்களுக்கு இந்தக் கைவேலை புதிதில்லை.

ஒரு மீட்டர் பெரிய அச்சும் தரைக்கு முழு அளவு வெற்றுத் துணியும் இருந்தால் போதும். உருவத்தைச் சுற்றி நாலு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, ஓரத்தை ஊசி நுனியால் உள்ளே மடக்கிக்கொண்டே பொடித்தையல் போட வேண்டும். உட்குழிந்த இடங்களில் சிறு வெட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் மடிப்பு உட்காராது. மயில்கொண்டை, மெல்லிய காம்பு போன்றவற்றை அப்படியே வெட்ட முயலாதீர்கள், நூல் பிரிந்து வரும். அவற்றைத் தரைநிறத்தோடு சேர்த்துக் கொஞ்சம் தடிப்பாக வெட்டலாம். தரைக்குத் தேர்ந்த துணி அதே நிறமாக இருந்தால் வெட்டு தெரியாது. ஐந்து முறைகளில் அச்சுத் துணிச் செலவு குறைந்தது இது, பொழுது அதிகம் பிடிப்பதும் இதுதான்.

உள்ளே என்ன வைப்பது

இதை மேல்துணியோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பெரிய அச்சின்மேல் நெருக்கமாகத் தையல் ஓட்டினால் அச்சு உடைந்து தெரியும், ஐந்தாறு இன்ச் இடைவெளி விட்டால்தான் அழகு. அந்த இடைவெளியை உள்பஞ்சு தாங்க வேண்டுமே.

இலவம்பஞ்சு வீட்டில் இருக்கிறது என்று அதைப் பரப்பாதீர்கள். இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பிடிக்காது. இரண்டு துவையலில் மூலைக்கு ஓடி உருண்டை கட்டும். வில்லடித்த பருத்திப் பஞ்சு பரவாயில்லை, ஆனால் இரண்டு மூன்று இன்ச்சுக்கு ஒரு தையல் கேட்கும், பெரிய அச்சுக்கு அங்கேயே இடிக்கிறது. பாலியெஸ்டர் ஷீட் இடைவெளியைத் தாங்கும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. புழுக்கமான இரவில் வியர்வையை வெளியே விடாது என்பது அதன் குறை. குத்தூசி அடித்த (ஊசிகளால் குத்தி இழைகளைப் பிணைத்த) பருத்தி ஷீட் 150 கிராம் தரத்தில், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையில், கிடைத்தால் இந்த அளவுக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். ஏழெட்டு இன்ச் இடைவெளிவரை விடலாம், ஆனால் உறையில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட எளிது பழம்புடவை. நைந்த பருத்திப் புடவை இரண்டு அடுக்கு, அல்லது மல்மல் துணி மூன்று அடுக்கு. பஞ்சே இல்லாததால் நகர ஒன்றுமில்லை, எத்தனை இடைவெளி விட்டாலும் சரி. மார்கழிப் பனிக்கு இது போதும், துவைத்தால் ஒரு வெயிலில் காயும், சாதாரண மிதிமெஷினும் தடையில்லாமல் தைக்கும். நெடும்பட்டைப் போர்வைக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். சாயம் போகும் புடவையை உள்ளே வைத்துவிடாதீர்கள், மேலே ஊறி வரும்.

சேர்த்துத் தைப்பது

பின்துணி நாலு பக்கமும் 2 இன்ச் கூடுதலாக, 64க்கு 94 இருக்கட்டும். தரையில் விரித்து டேப் ஒட்டி இழுத்து நிறுத்தி, மேலே உள்ளடுக்கு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே வெளியே போய்க் கையகலத்துக்கு ஒரு ஊக்குக் குத்துங்கள். மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற மெஷின் பாதம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மெஷின் தலையில் உள்ள அழுத்தத் திருகை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக வைத்தால் பழைய மெஷினிலும் வரும். நெடும்பட்டையில் மூட்டுகளின் பள்ளத்திலேயே ஒரு தையல், வெற்றுப் பட்டையின் நடுவில் ஒன்று, அச்சுப் பட்டைக்குள் கொடியின் போக்கிலேயே ஒன்றிரண்டு. முதலில் நடு மூட்டு, பிறகு இருபுறமும் மாற்றி மாற்றி. ஓரத்திலிருந்து தொடங்கினால் சேரும் சுருக்கம் எல்லாம் நடுவில் வந்து மடிப்பாக நிற்கும்.

ஓரப்பட்டைக்குச் சுற்றளவு 300, மூலைகளுக்கும் மூட்டுக்கும் சேர்த்து 310 இன்ச். நெடும்பட்டையில் மிஞ்சிய வெற்றுத் துணியிலிருந்து 2½ இன்ச் அகலத்தில் நீளவாட்டில் நாலு பட்டை வெட்டி மூட்டி, இரண்டாக மடித்துத் தைக்கலாம். நேர் ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் தேவையில்லை, அது வளைந்த ஓரத்துக்கு.

வேலையைப் புரட்டாசிக்குள் முடித்து முதல் துவையலையும் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பஞ்சு வைத்த போர்வை வெளியே காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம் நின்று கறுப்புப் பூஞ்சைப் புள்ளி விழும், அது எந்தச் சோப்புக்கும் போகாது. கடற்கரைப் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு நுரைக்காமல் உள்ளடுக்கில் தங்கிவிடும். குறைவாகப் போட்டு, கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரக்கனத்தில் நடுத்தையல் இழுபடும், ஓரடி இடைவெளியில் இரண்டு கொடி கட்டி அவற்றின்மேல் பரத்திப் போட வேண்டும்.